ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் யார்?

நாங்கள் நடத்திய முதல் முதலுதவி வகுப்புக்கு 24 பேர் வந்தார்கள். எல்லாரும் இளவட்டம். பந்தடிக் கழகத்துப் பெடியன்கள், ஏ.எல். எழுதிவிட்டு முடிவு பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள். மூன்று நாள் வகுப்பு, சான்றிதழ், கடைசியில் குழுப்படம். மனம் நிறைந்து வீடு திரும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து அதே ஊருக்குப் போனேன். இலங்கையின் கிழக்குக் கரையில் திருமலை (திருகோணமலை) நகரத்துக்கு வடக்கே, குச்சவெளிப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். அந்த 24 பேரில் நாலு பேர்தான் ஊரில் இருந்தார்கள். மற்றவர்கள் கட்டாரில், சவூதியில், கொழும்பில் கட்டட வேலையில். இருந்த நாலு பேரும் விடியுமுன் கடலுக்குப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் கரை திரும்புவார்கள்.

அதற்கு முந்தின மாதம் அந்த ஊரில் ஒரு சின்னப் பிள்ளை கிணற்றில் விழுந்திருந்தது. கட்டில்லாத கிணறு. காலை ஒன்பது மணி இருக்கும். அந்நேரம் ஊரில் இருந்தவர்கள் பெண்களும் வயதானவர்களும்தான். பிள்ளையைச் சுணங்காமல் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. தலைகீழாகப் பிடித்தார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்த்தார்கள். தோளில் போட்டுக்கொண்டு வீதிக்கு ஓடினார்கள். ஓட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தூக்கிய கையோடு மூச்சு ஊதியிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளையின் அம்மம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. “அந்தப் பெடியன்களுக்குப் படிப்பிச்சதை எங்களுக்கும் கொஞ்சம் படிப்பிச்சிருக்கலாமே, தம்பி?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். பகல் பத்து மணிக்கு இங்கே யார் இருப்பார்கள்? இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? இருபது வருடத்துக்கு மேலாக உதவிப் பணியில் நான் கற்றுக்கொண்டவற்றில் எதை முதலில் சொல்வாய் என்று கேட்டால் இந்த இரண்டு கேள்வியைத்தான் சொல்வேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு. அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. சுனாமி அலை வந்த காலையில் வெளிநாட்டுக் குழு எதுவும் இங்கே இல்லை. கிண்ணியாவில் கடலோரம் நின்ற ஆஸ்பத்திரியே அலையில் அடிபட்டுப் போயிற்று. மரக்கிளையில் தொங்கியவர்களை இறக்கியதும், கதவைக் கழற்றி அதில் ஆட்களைப் படுக்கவைத்துச் சுமந்ததும், ஈர உடுப்போடு நின்றவர்களுக்கு வீட்டிலிருந்த சாரத்தையும் சேலையையும் கொண்டுவந்து கொடுத்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று அந்த ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை. பெரிய உதவிகள் பிறகு வந்தன. அவற்றால் பிழைத்தவர்கள் ஏராளம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் மணித்தியாலம் ஊருடையதாகத்தான் இருந்தது.

இதே கதைதான் செஞ்சிலுவை இயக்கத்தின் தொடக்கமும். 1859இல் இத்தாலியில் சொல்ஃபெரினோ என்ற இடத்தில் நடந்த போரில் காயப்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்கள் பக்கத்து ஊரான காஸ்திலியோனேயின் தேவாலயங்களில் வந்து குவிந்தார்கள். வியாபார விடயமாக அந்தப் பக்கம் வந்த ஹென்றி டூனான் என்ற சுவிஸ்காரர் அங்கே கண்டது, எந்தப் படையைச் சேர்ந்தவன் என்று கேட்காமல் தண்ணீரும் துணியும் கொண்டு ஓடிய அந்த ஊர்ப் பெண்களை. அவர்களோடு சேர்ந்து தானும் வேலை செய்தார். நாலு வருடத்துக்குப் பிறகு, 1863இல், ஜெனிவாவில் அந்த இயக்கம் தொடங்கியது. இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

சுனாமிக்குப் பிந்திய மாதங்களில் நாங்கள் நல்ல மனதோடு செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். கடல்நீர் ஏறிய கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கும் வேலை எங்களிடம் தரப்பட்டது. பம்ப் வைத்து அடிமட்டும் இறைத்தோம். உப்பு குறையவில்லை என்றால் மறுபடியும் இறைத்தோம். ஒரு வீட்டு ஐயா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, “இப்படி இறைச்சா கீழ இருக்கிற உப்புத்தண்ணி மேல வரும், மகன்” என்றார். நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் தந்த தாளில் இறை என்று இருந்தது, இறைத்தோம்.

அந்த ஐயா சொன்னதுதான் சரி. கடலோர மணலுக்கடியில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே பாலாடை போலப் படிந்து கிடக்கிறது. ஆடையை வழித்து எடுத்தால் கீழே இருப்பது மேலே வரும். கிழக்குக் கரையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தவர்களும் பிறகு அதையே சொன்னார்கள்: அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம், குப்பையையும் சேற்றையும் எடுத்துவிட்டு மழை கழுவட்டும் என்று விடுங்கள், அதுவரை பௌசர் வண்டியில் தண்ணீர் கொடுங்கள். சில கிணறுகள் எங்கள் கையால் இன்னும் உப்பாகிப் போயின. ஊர்க்காரர் ஒருவர் வேலியோரம் நின்று எதையாவது சொன்னால், அன்றிலிருந்து நான் பம்பை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

முகாம்களிலும் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. அவசரகால உதவிக்கு உலகம் முழுக்க ஸ்பியர் அளவுகோல் என்று ஒன்று பின்பற்றப்படுகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீட்டர் தண்ணீராவது வேண்டும், 20 பேருக்கு ஒரு கழிப்பறையாவது வேண்டும் என்பவை அதில் உள்ளவை. எங்கள் முகாமில் கணக்கு சரியாக இருந்தது. ஆனால் பெண்கள் பின்னேரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காரணம் தெரிய ஒரு மாதம் எடுத்தது. கழிப்பறை முகாமின் கடைசி மூலையில், வெளிச்சமில்லாத இடத்தில். உட்பக்கம் கொண்டியும் இல்லை. இரவில் போகப் பயந்து தாகத்தோடு படுத்தார்கள். அறிக்கையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. எங்கள் குழுவில் ஒரு பெண் சேர்ந்த முதல் கிழமையே இது வெளியே வந்தது. கொண்டியும் விளக்கும் போட இரண்டு நாள்தான் ஆயிற்று.

அப்படி இருந்தும் அந்த முகாம்களில் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. பல இலட்சம் பேர் வீடிழந்த நாட்டில் அது சும்மா நடந்த காரியம் அல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை நாடு முழுக்கப் பரவி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல மாது (மிட்வைஃப்), ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று ஆள் இருந்தது. எங்கள் பகுதி மிட்வைஃப் அக்கா தன் வீடும் போன நிலையில், கர்ப்பிணிகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்லி முகாம் முகாமாகத் தேடித் திரிந்தார். பதிவேடு கடலோடு போய்விட்டது. அவர் தலைக்குள் இருந்தது போகவில்லை. எந்த நிறுவனம் புதிதாக ஒரு ஊருக்குள் வந்தாலும், தனியாக ஒரு கிளினிக் தொடங்குமுன் அந்த அக்காவைத் தேடிப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். அவருக்கு ஒரு சைக்கிளோ தொலைபேசிக் காசோ தேவைப்படலாம். அது புதுக் கட்டடத்தைவிடக் கனக்க வேலை செய்யும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்ற உப்புக்கரைசல் பொட்டலம் கொடுப்பதை இப்போது யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அதன் பின்னாலும் ஒரு முகாம் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் இந்திய எல்லையில் பொங்கானில் நெருக்கி அடைபட்டிருந்தபோது கொலரா பரவியது. சேலைன் முடிந்துபோயிற்று. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோசும் சோடியம் பைகார்பனேட்டும் கலந்த தண்ணீரைக் கலன்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துப் பருக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. மருந்தைக் கண்டவர்கள் வேறு பலர். அதைத் தாயின் கையில் நம்பிக் கொடுத்தவர் அவர். பொட்டலம் இல்லாத வீட்டில் ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டியைத் தட்டையாக வழித்து அளக்க வேண்டும். உப்பு கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது.

2006ஐப் பற்றி எழுதாமல் போக முடியாது. அந்த வருடம் ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில் 17 உதவிப் பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்பின் ஊழியர்கள். தண்ணீர், கழிப்பறை வேலை செய்தவர்கள். 17 பேரும் இந்நாட்டவர். ஆகஸ்ட் 19 உலக மனிதாபிமான தினம், 2003இல் பக்தாதில் ஐ.நா. அலுவலகம் தகர்க்கப்பட்ட நாள். எங்களுக்கு அதற்குப் பதினைந்து நாள் முந்தியே ஒரு தினம் இருக்கிறது. அன்று நான் விளக்கு ஏற்றுவேன்.

உலகத்தில் எங்கே பார்த்தாலும் இந்தப் பணியில் உயிர் போகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தந்த நாட்டு ஊழியர்கள். புதிதாக வேலைக்குச் சேரும் தங்கச்சி தம்பிமாருக்கு நான் வெட்கப்படாமல் சொல்வது இது. சம்பளத்தைக் கேட்கும்போதே, நிலைமை கெட்டால் வெளிநாட்டு ஊழியரை ஏற்றப்போகும் வாகனத்தில் எனக்கும் இடம் உண்டா என்று கேளுங்கள். யார் வந்து கூட்டிப்போவார், எந்தப் பாதையால், எந்த நிலையில் வேலையை நிறுத்துவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்டதற்காக ஒருவர் உங்களை வேண்டாம் என்றால், அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

சரி, வகுப்புக்குத் திரும்புகிறேன்.

அந்த அம்மம்மாவின் கேள்விக்குப் பிறகு ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையை முழுக்க மாற்றினோம். கரையில் வலை பொத்தும் பெண்கள், கருவாடு காயப்போடும் அக்காமார், தேத்தண்ணிக் கடை, ஓட்டோ தரிப்பிடம், கோயில் ஐயர் வீடு, பள்ளிவாசல் மோதினார். இவர்கள் ஊரைவிட்டுப் போகாதவர்கள். மூதூரிலும் தோப்பூரிலும் பெண்களுக்குத் தனி வகுப்பு வைத்தோம், முஸ்லிம் ராத்தா ஒருவரே நடத்தினார். ஆண் ஒருவர் வந்து மார்பில் கைவைத்துக் காட்டும் வகுப்புக்கு அவர்கள் வரமாட்டார்கள், வரச்சொல்வதும் முறையில்லை.

மூன்று நாள் வகுப்பைக் கைவிட்டோம். ஒன்றரை மணித்தியாலம், பின்னேரத் தேத்தண்ணிக்கு முன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப. நெஞ்சை அமுக்கும் பழக்கம் சில மாதத்திலேயே கையைவிட்டுப் போய்விடுகிறது என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள், எங்கள் வகுப்புகளிலும் அப்படித்தான். பயிற்சிப் பொம்மை விலை கூட, மாவட்டத்துக்கே ஒன்றிரண்டு. எங்களுக்கு ஒரு தலையணையும் பழைய சாரத்தில் இறுக்கிச் சுற்றிய வைக்கோலும் போதுமாக இருந்தது.

முதலில் நீரில் மூழ்கியவர். தண்ணீரிலிருந்து தூக்கியதும் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். உள்ளே போன தண்ணீரை எடுப்பதில் போகும் ஒவ்வொரு வினாடியும் மூச்சில்லாமல் போகும் வினாடி, வயிற்றிலிருப்பது வாந்தியாக மேலே வந்து மூச்சுக்குழலையும் அடைக்கும். மல்லாத்திப் படுக்கவைத்து, நாடியை (முகவாயை) மெதுவாக உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயில் ஐந்து முறை ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, இரண்டு ஊத்து, இப்படியே விடாமல். பெரியவருக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. பிள்ளைக்கு நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மாரடைப்பில் விழுந்தவருக்கு அமுக்குவது முதல் வேலை. மூழ்கியவருக்கு மூச்சுத்தான் முதல் வேலை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒரு ஊர் மனதில் வைத்தால் எனக்குப் போதும். உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் கனபேர் சின்னப் பிள்ளைகள். கடலும் களப்பும் கங்கையும் குளமும் சூழ்ந்த திருமலையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது மக்கள் ஒரு சின்ன மிதவைப் படகுப் பாதையில்தான் அக்கரை போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. உயிரிழந்தவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துத் தாய்மார் வகுப்புக்கு வந்த முறையே வேறு. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அடுத்தது பாம்பு. தம்பலகாமம், கந்தளாய், வெருகல் பக்கம் வயல் வேலை தொடங்கினால் கண்ணாடிப் புடையனும் வெளியே வரும். நான் போன ஒரு வீட்டில் கடிபட்டவரின் காலை முழங்காலுக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டி, கடிவாயைச் சவரக் கத்தியால் கீறியிருந்தார்கள். அன்பினால் செய்ததுதான். புடையன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. அந்த உடம்பில் கீறினால் இரத்தம் நிற்காது. இறுகக் கட்டிய கால் அழுகவும் கூடும். ஆள் உயிர் தப்பினார், காலில் பாதிப்பு நின்றது.

கடிபட்டவரை நடக்கவிடாதீர்கள். மோதிரம், தண்டை, அரைஞாண் எதுவானாலும் வீங்குமுன் கழற்றுங்கள். தடி வைத்துக் காலை அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். பாம்பை அடித்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டாம், இரண்டாவது ஆளையும் கடித்த கதைகள் உண்டு. தூரத்தில் நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். விஷமுறி மருந்து அரச ஆஸ்பத்திரியில் இலவசம். இரவில் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமல் இருக்கலாம். விடியற்காலையில் கண்ணிமை சரிந்து, வயிறு வலித்து எழும்புகிறவரை வாயுத் தொல்லை என்று படுக்கவைக்காதீர்கள். நுளம்பு வலையைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் பாம்புக்கும் அது வேலி.

விஷகடி வைத்தியர்களைத் திட்டிப் பேசும் வகுப்புகளைக் கண்டிருக்கிறேன். அதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு இரண்டு மணிக்கு கதவு தட்டினால் திறப்பவர் அவர். ஒரு முதிய வைத்தியரிடம் நாங்கள் மூன்று தரம் போனோம். மூன்றாவது தரம் அவரே சொன்னார், “புடையனும் விரியனும் என்டால் நான் கைவைக்கேல்ல, ஓட்டோக்காரனுக்கு நானே போன் பண்ணுறன்.” இன்றுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறார்.

ஓட்டோத் தம்பிமாருக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். மயங்கியவரை நிமிர்த்தி இருத்தி, இரண்டு பேர் நடுவில் பிடித்துக்கொண்டு போவது வழக்கம். தலை முன்னால் சரிந்து மூச்சு அடைபடும். பின்சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும், ஒருவர் நாடியைத் தூக்கிப் பிடிக்கவும் பழக்கினோம். உகண்டாவின் கம்பாலாவிலும் டாக்சி ஓட்டுநர்களுக்கும் பொலிசாருக்கும் இப்படிப் பயிற்சி கொடுத்தார்கள் என்று வாசித்தபோது தெம்பாக இருந்தது. எனக்கு இன்னும் பெரிய தெம்பு ஹான்ஸ் ஹூசும் என்ற நோர்வே மருத்துவரின் வேலை. 1990களின் பிற்பகுதியில் வட ஈராக்கிலும் கம்போடியாவிலும், மிதிவெடி நிறைந்த கிராமங்களில், ஊர்க்காரர்களை முதலுதவியாளராகவும் அவர்களுக்கு மேலே சுகாதார உதவியாளர்களையும் பயிற்றினார்கள். ஆஸ்பத்திரி பல மணித்தியாலத் தூரம். அங்கே கடுங்காயப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 ஆக இருந்த இறப்பு 15 அளவுக்கு இறங்கியது. ஹெலிகொப்டர் இல்லை, புது ஆஸ்பத்திரி இல்லை. இரத்தத்தை அழுத்தி நிறுத்தத் தெரிந்த, மூச்சுப்பாதையைத் திறக்கத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருந்தன.

எங்கள் நிலைமை இப்போது அவ்வளவு மோசமில்லை. முன்பு மூதூரிலிருந்து திருமலைக்கு கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில் வர வேண்டும். காற்று பலத்தால் அதுவும் இல்லை. 2009இல் கிண்ணியாப் பாலமும் பிறகு மற்றப் பாலங்களும் வந்து அது மாறியது. 2016இல் மேல் மாகாணத்திலும் தெற்கிலும் இந்திய உதவியோடு தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் சுவசெரிய ஆம்புலன்ஸ் பிறகு எங்களுக்கும் வந்தது. இலவசம், தமிழில் பேசலாம். ஆனால் கூப்பிடத் தெரிய வேண்டும். பதற்றத்தில் ஆட்கள் “பிள்ளையார் கோயிலடி” என்பார்கள். திருமலையில் எத்தனை பிள்ளையார்! ஊர்ப் பெயர், பிரதான வீதி, எல்லாருக்கும் தெரிந்த பள்ளிக்கூடம் அல்லது சந்தி, பிறகு கோயில். என்ன நடந்தது, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவர் டோர்ச்சோடு பிரதான வீதிக்கு ஓடட்டும். ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் அந்த வீட்டுக்கு வழி சொல்லும் ஒரு வசனத்தை எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டச் சொல்கிறோம். பிள்ளைகள் கூட வாசிப்பார்கள்.

மற்றவை சுருக்கமாக. சுடுபட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம், பற்பசையோ தேங்காயெண்ணெயோ வேண்டாம். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியால் கையை எடுக்காமல் அழுத்துங்கள், எட்டி எட்டிப் பார்க்காதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் இறங்குமுன் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் இதை எங்கள் ஆட்களுக்கே சொல்ல மறந்தோம், ஒருவர் கிழமைக்கணக்கில் வாட்டில் கிடந்தார். டெங்குக்குப் பரசிட்டமோல் மட்டும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு தலைவிரித்தாடியபோது நாங்கள் வீடு வீடாகச் சொன்னது, காய்ச்சல் விட்டதும் சுகம் என்று நினைக்காதீர்கள் என்பதைத்தான். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிறு நொந்து, கைகால் குளிர்ந்து, பிள்ளை சோர்ந்தால் அதுதான் ஓட வேண்டிய நேரம்.

இந்த வேலை செய்கிறவர்களின் மனதையும் யாராவது பார்க்க வேண்டும். அந்தக் கிணற்றடிக் கதையைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு மாதம் சரியான நித்திரை இல்லை. மிட்வைஃப் அக்காதான் கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, குறுக்கே பேசாமல் கேட்டார். முதலுதவிப் பைக்குள் இருப்பதைப் போல அதுவும் ஒரு உதவி. பிள்ளையை இழந்த தாயிடம் “எல்லாம் விதி” என்று சொல்லாமல், பக்கத்தில் இருந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவருக்கு வேண்டிய ஆளிடம் சேர்த்துவிடுவதை இப்போது வகுப்பில் பத்து நிமிடம் பழக்குகிறோம்.

போன மாதம் அந்தக் குச்சவெளிப் பக்க ஊரில் வகுப்பு. வலை பொத்தும் வாடிக்குள் பதினெட்டுப் பேர். பிள்ளையின் அம்மம்மா முன்வரிசையில் இருந்தார். இப்போது எழுபதுக்கு மேல். முழங்கால் மடங்காது. எல்லாரும் முறை எடுத்துத் தலையணையில் அமுக்கிப் பழகினார்கள். அவர் முறை வந்தபோது, “நான் குந்தேலாது, தம்பி. நான் என்னத்தைச் செய்ய?” என்றார். எண்ணச் சொன்னேன். அமுக்குகிறவருக்கு இளைக்கும்போது எண்ணிக்கை தவறும், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு குரல் வேண்டும். அவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, கரைவலை இழுக்கும்போது ஆட்களை ஏவிய அதே குரலில் ஒன்றிலிருந்து தொடங்கினார். முப்பதில் நிறுத்தி, “இப்ப ஊது, புள்ள” என்றார். பேத்தி குனிந்து ஊதினாள். அவர் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.